ஜெர்மனிக்குச் செல்லும் இறையியல் மாணவர் அறிய வேண்டுவன

காஞ்சிபுரத்தின் தென்மேற்கே, வேகவதி ஆற்றை ஒட்டி, திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் உள்ளது. ஜின காஞ்சி என்று முற்காலத்தில் வழங்கிய இவ்வூரில் திரைலோக்கியநாதர் கோயில், சந்திரப்பிரபர் கோயில் எனச் சமணக் கோயில்கள் இரண்டு இருக்கின்றன. இவ்வூருக்கு அருகே, பட்டு நெசவாளர் குடும்பம் ஒன்றில் பிறந்து, நம்மிடம் இறையியல் பயின்று ஆயரான ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானியப் பல்கலைக் கழகம் ஒன்றிற்குப் பரிமாற்ற மாணவராகச் சென்று ஓராண்டு தங்கி வந்தார். திரும்பி வந்தபின் அவர் நம்மிடம் மனம் வருந்திக் கூறியவை இரண்டு.

முதலாவது, அவருடைய ஓராண்டில் முதல் மூன்று மாதங்கள் அலுவலக வாசல்களிலேயே கழிந்துவிட்டன. அவருக்கு வயது முப்பத்தொன்று. முப்பது வயதைக் கடந்தவருக்கு மாணவர்க்குரிய மருத்துவக் காப்பீடு அங்கே கிடைப்பதில்லை என்பதை அவர் அறியார். காப்பீடு இல்லாமையால் மாணவர் பதிவு முடியவில்லை. பதிவு முடியாமையால் தங்குரிமைச் சீட்டும் தாமதப்பட்டது. இரண்டாவது, ஒரு கருத்தரங்க வகுப்பில் அவர் காஞ்சிபுரத்தார் என்று அறிந்த பேராசிரியர், ஜின காஞ்சியின் விதான ஓவியங்களைப் பற்றிச் சில சொல்லுமாறு கேட்டிருக்கின்றார். “தினமும் அந்தக் கோபுரத்தைத் தாண்டித்தான் ஐயா சைக்கிளில் பள்ளிக்கூடம் போனேன், ஒரு நாளும் உள்ளே போனதில்லை” என்று நம்மிடம் சொன்னபோது அவர் கண்கள் கலங்கின.

இவ்விரண்டிற்கும் அவரைக் குறை கூறுதல் முறையன்று. பரிந்துரைக் கடிதம் எழுதி, ஜெபித்து, மாலையிட்டு வழியனுப்பிய நாம், அவர் அறிய வேண்டியவற்றை அவருக்குச் சொல்லவில்லை. அக்கடனைத் தீர்க்கும் எண்ணத்துடனேயே இக்கட்டுரையை வரைகின்றோம். பரிமாற்றம் என்பது கொண்டும் கொடுத்தும் வாழ்வது. அங்கே கொள்வதற்கு மனம் ஓய்வாக இருத்தல் வேண்டும். கொடுப்பதற்குக் கையில் ஏதேனும் இருத்தல் வேண்டும். முன்னதற்கு உலகியல் ஆயத்தமும், பின்னதற்குத் தன் ஊரைப் பற்றிய அறிவும் தேவை. இவ்விரண்டையும் முறையே காண்போம்.

முன்னோடி ஒருவர்

தமிழ் நாட்டிற்கும் ஜெர்மானியப் பல்கலைக் கழகங்களுக்கும் உள்ள உறவு புதிதன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயர், 1714இல் ஐரோப்பாவிற்குப் புறப்பட்டபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார். கப்பலிலும் பின்னர் ஹாலே நகரிலும் அவர் சீகன்பால்க்கின் தமிழ்ப் பணிக்குத் துணை நின்றார். இலத்தீனில் எழுதப்பெற்ற தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சேறியது. நூலின் முகப்பில் இருப்பது சீகன்பால்க்கின் பெயரே ஆயினும், தமிழ் நாவிற்கு உரிய ஒருவர் அருகில் இல்லாமல் அப்பணி நடந்தேறியிருக்காது. ஜெர்மானியக் கல்வி உலகிற்குக் கொடுப்பதற்காகச் சென்ற தமிழர் என்று மலையப்பனைச் சொல்லலாம்.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் 1713இல் எழுதி அனுப்பிய பெருநூல் ஹாலேயில் அச்சேறாமலே கிடந்தது. 1867இல் தான் ஜெர்மன் அவர்களின் பதிப்பாகச் சென்னையில் வெளிவந்தது. ஒரு நாட்டின் சமய வாழ்வை அறிந்து சொன்னவருடைய சொல்லைக் கேட்க, 150 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று நிலை மாறியுள்ளது. அங்குள்ள இறையியல் புலங்களே நம் மாணவரிடம் இவற்றைக் கேட்கின்றன. சொல்ல வேண்டியவர் ஆயத்தமாக இருக்கின்றாரா என்பதே வினா.

புறப்படுமுன்

இங்கே தரும் தொகைகளும் விதிகளும் குறிப்பிட்ட ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தவை, அவை மாறத்தக்கவை. ஆதலின் அழைக்கும் பல்கலைக் கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்திற்கு எழுதி உறுதி செய்துகொள்க.

பல்கலைக் கழக ஆண்டு இரு பருவங்களை உடையது. குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. விரிவுரைகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவில் முடியும். கோடைப் பருவம் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. விரிவுரைகள் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை. இடைப்பட்ட மாதங்களை விடுமுறை என்று எண்ணற்க. நீண்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதப்படுவது அக்காலத்திலேதான்.

மொழி முதன்மையானது. ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகள் சில இருப்பினும், இறையியல் புலத்தின் வாழ்வு ஜெர்மன் மொழியில் நிகழ்கின்றது. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என வழங்கும் கோதே நிலையத்தில் ஏ1 முதல் படிப்படியாகப் பயிலலாம். கருத்தரங்கில் கலந்து பேசுவதற்கு பி2 நிலையேனும் வேண்டும். மேலும், அங்குள்ள மாணவர் எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றிலும் தேர்வு எழுதியவர்கள். மூலமொழித் திருமறையை வகுப்பில் உரக்கப் படித்து மொழிபெயர்க்குமாறு சொல்வர். இங்கே பயின்ற கிரேக்கத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு செல்க.

2022 நவம்பர் முதல், இந்திய மாணவர் தம் சான்றிதழ்களின் உண்மையை உறுதி செய்யும் ஏ.பி.எஸ். சான்றைப் பெற்ற பின்னரே மாணவர் விசாவிற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்னும் விதி வந்தது. சில பிரிவினருக்கு விலக்கு உண்டு. தமக்கு விலக்கு உண்டா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டறிக. சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்தின் வழியே விசா பெறுவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அனுமதிக் கடிதம் வந்த அன்றே தொடங்குவது நன்று.

செலவுக்குப் பணம் உண்டு என்று காட்ட வேண்டும். உதவித்தொகை பெறுவோர்க்கு அதற்குரிய கடிதம் போதும். மற்றவர் தம் பெயரில் முடக்கக் கணக்கு ஒன்றைத் தொடங்கிப் பணத்தைச் செலுத்தவேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை மாதம் 992 யூரோ, அதாவது ஆண்டுக்கு 11,904 யூரோ என வரையறுக்கப்பட்டது. அங்கே சென்றபின் மாதந்தோறும் அக்கணக்கிலிருந்து குறித்த தொகையை மட்டுமே எடுக்கலாம். டியூபிங்கன், ஹைடல்பர்க் ஆகியவை அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாட்டு மாணவரிடம் பருவத்திற்கு 1,500 யூரோ கட்டணம் பெறுகின்றது. எனினும் இரு நிறுவனங்களுக்கிடையே உள்ள ஒப்பந்தத்தின்படி வரும் பரிமாற்ற மாணவர்க்கு இக்கட்டணம் இல்லை. பருவந்தோறும் மாணவர் நலத்திற்கெனப் பெறும் சிறு தொகையை யாவரும் செலுத்துவர்.

காப்பீட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். முப்பது வயதிற்குட்பட்ட மாணவர், சட்டமுறைக் காப்பீட்டு நிதியங்களில் மாணவர்க்குரிய குறைந்த விகிதத்தில் சேரலாம். 2025இல் அது மாதம் 140 யூரோவிற்குச் சற்று மேற்பட்டிருந்தது. முப்பதைக் கடந்தவர் பெரும்பாலும் தனியார் காப்பீட்டையே நாட வேண்டும். ஆயினும், அவர் சட்டமுறைக் காப்பீட்டிற்கு உட்பட்டவரல்லர் என்பதைச் சட்டமுறை நிதியம் ஒன்று பல்கலைக் கழகத்திற்கு உறுதி செய்த பின்னரே பதிவு நிறைவேறும். நம் ஆயர்கள் சில ஆண்டுத் திருப்பணிக்குப் பின்னரே மேற்படிப்பிற்குச் செல்வதால், இவ்விதி நம்மவரையே பெரிதும் தொடுகின்றது. இங்கே விமானச் சீட்டுடன் வாங்கும் பயணக் காப்பீடு மாணவர் பதிவிற்குப் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை.

தங்குமிடத்திற்கு மாணவர் நலக் கழகம் நடத்தும் விடுதிகளுக்கு முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். பழைய பல்கலைக் கழக நகரங்களில் அறை கிடைப்பது எளிதன்று. முன்பணம் கேட்பர், சட்டப்படி அது மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. அறையைக் காணுமுன் அறியாதவர் எவருக்கும் பணம் அனுப்பற்க.

இறுதியாக, அங்கே பயிலும் பாடங்களை நம் கல்லூரி ஏற்குமா என்பதை எழுத்து மூலம் பெற்றுக்கொள்க. ஐரோப்பியப் பாட மதிப்பு ஒன்று, 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும்; ஒரு பருவத்திற்கு 30 மதிப்புகள் முழு அளவு. எந்த வகுப்பிற்கு எத்தனை மதிப்பு என்று இரு கல்லூரிகளும் கையொப்பமிட்ட தாள் கையில் இல்லாமல் சென்றவர், திரும்பி வந்து அதே பாடங்களை மறுபடியும் எழுத நேர்ந்ததை நாம் கண்டிருக்கின்றோம்.

முதல் இரண்டு வாரங்கள்

வீடு புகுந்த இரு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் குடியிருப்பைப் பதிவு செய்தல் வேண்டும். இதற்கு வீட்டுக்காரர் கையொப்பமிட்ட உறுதிச் சீட்டு தேவை. வங்கிக் கணக்கு, தங்குரிமைச் சீட்டு ஆகிய பலவும் இப்பதிவை எதிர்நோக்கியிருப்பதால் இதனை முதலில் முடிக்க. பதிவு முடிந்தபின், விசாக் காலம் முடியுமுன்னரே வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்குரிமைச் சீட்டிற்கு நேரம் கேட்டு எழுதிவிடுக. நேரம் கிடைப்பதற்கே பல வாரங்கள் ஆகலாம்.

பதிவுத் தாளில் சமயம் எது என்னும் வினா ஒன்று உண்டு. நம் மாணவர் இதனைச் சிந்தியாமல் நிரப்பிவிடுகின்றனர். அயல்நாட்டிலிருந்து வரும் சீர்திருத்தச் சபையார் ஒருவர் அங்கே ‘எவாங்கெலிஷ்’ என்று எழுதினால், அவ்வட்டாரத்து மாநிலத் திருச்சபையின் உறுப்பினராகச் சேர்ந்தவர் ஆகின்றார். வருமான வரி செலுத்தும் உறுப்பினரிடமிருந்து அரசே சபை வரியையும் பெற்றுத் திருச்சபைக்கு அளிக்கின்றது. அது வருமான வரியில் பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பர்க்கிலும் 8 விழுக்காடு, பிற மாநிலங்களில் 9 விழுக்காடு. வரி செலுத்துமளவு வருமானம் இல்லாத மாணவர்க்கு இவ்வரி இல்லை. ஆகவே அஞ்சி மறைக்க வேண்டியதில்லை; அறியாமல் எழுதவும் வேண்டியதில்லை. காணிக்கைப் பையாலும் அறுப்பின் பண்டிகையாலும் வாழும் நம் சபைகளுக்கும், வரியால் வாழும் அவர்கள் சபைக்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்வதற்கு இத்தாளே நல்ல தொடக்கம் ஆகும்.

ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் ஒன்று வரும். வானொலிப் பெட்டி இல்லை என்று அதனை எறிந்துவிடற்க. அது வீடு ஒன்றிற்கு உரிய கட்டணம்; 2021இல் மாதம் 18.36 யூரோ ஆயிற்று. ஒரே வீட்டில் பலர் சேர்ந்து குடியிருந்தால் ஒருவர் செலுத்தினால் போதும், தொகையைப் பகிர்ந்துகொள்ளலாம். பொதுவாக, ஜெர்மனியில் அலுவலகக் கடிதம் எதனையும் பிரிக்காமல் வைத்திருத்தல் ஆகாது. பொருள் விளங்காவிடில் அன்றே எவரிடமேனும் காட்டுக.

வகுப்பறை

அட்டவணையில் ‘10 சி.டி.’ என்றிருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்கும். இது பழைய பல்கலைக் கழக வழக்கம். ‘எஸ்.டி.’ என்றிருந்தால் பத்து மணிக்கே. இவ்வேறுபாட்டை அறிந்தபின் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. விரிவுரை முடிந்ததும் கைதட்டாமல், மேசையை விரல் முட்டியால் தட்டிப் பாராட்டுவர்.

விரிவுரையில் கேட்டல் போதும். கருத்தரங்கில் பேசியாக வேண்டும். நம் நாட்டில் ஆசிரியர் முன் மௌனமாயிருத்தல் பணிவு. அங்கே மௌனம், கருத்து ஒன்றும் இல்லை என்பதற்கே அடையாளம். இருபது வயது மாணவி பேராசிரியரின் விளக்கத்தை மறுத்துப் பேசுவார். பேராசிரியரும் மகிழ்ந்து விடை கூறுவார். இதனை அவமரியாதை என்று கொள்ளற்க. ஆனால் விளிப்பில் மரியாதை உண்டு. நம் ‘நீங்கள்’, ‘நீ’ போன்றே ‘ஸீ’, ‘டு’ என இரண்டு சொற்கள் உள்ளன. மாணவர் தமக்குள் ‘டு’ என்பர். ஆசிரியரை ‘ஸீ’ என்றே சொல்ல வேண்டும். இவ்வகையில் தமிழருக்கு ஜெர்மன் மொழி ஆங்கிலத்தைவிட அண்மையது.

பேராசிரியரைக் காண விரும்பினால், அவர் குறித்துள்ள சந்திப்பு நேரத்திற்கு முன்பதிவு செய்து, கேள்விகளை எழுதிக்கொண்டு செல்க. ஆய்வுக் கட்டுரையில் பிறர் சொல்லை அடையாளமின்றி எடுத்தாள்வது கடுங்குற்றமாகக் கொள்ளப்படும். பிரசங்கக் குறிப்புகளை ஒருவர்க்கொருவர் தாராளமாக வழங்கிப் பழகிய நம் ஆயர்கள் இதில் மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

அன்றாட வாழ்வு

ஞாயிறன்று கடைகள் அடைக்கப்பட்டிருக்கும். சனிக்கிழமையே அரிசி வாங்கி வைத்துக்கொள்க. குப்பையைத் தாள், நெகிழி, உணவுக் கழிவு எனப் பிரித்தே போட வேண்டும். புட்டிகளைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். குளிர்காலத்திலும் நாள்தோறும் சில நிமிடம் சன்னல்களை அகலத் திறக்க வேண்டும். அன்றேல் சுவரில் பூஞ்சணம் பிடித்து முன்பணம் குறையும். கம்பளி உடைகளை இங்கே வாங்கிச் சுமக்காமல் அங்கேயே வாங்குக. பழைய உடைக் கடைகளில் நல்லவை கிடைக்கும். அவசரத்திற்கு 112, காவல் துறைக்கு 110 என்னும் எண்களை மனனம் செய்க.

உழைத்துப் பணம் சேர்த்து ஊருக்கு அனுப்பலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். 2024 மார்ச் முதல், நம் நாட்டு மாணவர் போன்றோர் ஆண்டிற்கு 140 முழு நாள்கள், அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம் என விதியுள்ளது. ஆனால் ஒரு பருவமோ இரு பருவமோ தங்கும் பரிமாற்ற மாணவர்க்கு நேரமே பெருஞ்செல்வம். வீட்டாரிடம் இதனை முன்னரே ஒளிவின்றிச் சொல்லிவிடுதல் நலம். “வெளிநாடு போயும் ஒன்றும் அனுப்பவில்லையே” என்னும் சொல் அங்கே இருப்பவரின் படிப்பைக் குலைத்துவிடும்.

டிசம்பரில் மாலை நான்கு மணியளவிலேயே இருள் கவிந்துவிடும். நம் மாணவரைத் தனிமை தாக்குவது இக்காலத்தில்தான். பல்கலைக் கழகம் அரசினுடையது. காலை ஜெபத்திற்கு மணி அடிப்பார் இல்லை, உணவறையில் இடம் வைத்துக் காத்திருப்பார் இல்லை. சென்ற முதல் ஞாயிறே நற்செய்தி மாணவர் சபையைத் தேடிச் செல்க. ஆராதனையில் சிலரே இருப்பதைக் கண்டு, இவர்கள் விசுவாசம் அணைந்தது என்று விரைந்து தீர்ப்புச் சொல்லற்க. அவர்களுடன் ஒரு குளிர்காலம் வாழ்ந்தபின் பேசலாம். வீட்டாருடன் பேசுவதற்கு நேரம் குறித்துக்கொள்க. குளிர்காலத்தில் நம் நேரம் நாலரை மணியும், கோடையில் மூன்றரை மணியும் முந்தியது. துயரம் மிகுந்து உறக்கம் கெடுமானால், மாணவர்க்கென உள்ள உளநல ஆலோசகரை நாடுவதில் வெட்கம் வேண்டா. ஆயரும் மனிதரே.

கையில் கொண்டு செல்ல வேண்டியது

இனி, நம் மாணவர் தலைகுனிந்த இரண்டாவது செய்திக்கு வருவோம். அப்பேராசிரியரின் கேள்வி தற்செயலானதன்று. சமண ஆகமங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1884இலும் 1895இலும் வெளியிட்ட ஹெர்மன் யகோபி ஜெர்மானியர். சமணத்தைப் பற்றி 1925இல் பெருநூல் எழுதிய கிளாசனாப், பிற்காலத்தில் டியூபிங்கனில் பேராசிரியராக இருந்தார். குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்த கிரவுல் ஐயர் லைப்சிக் மிஷனின் தலைவர். இத்தகைய கல்வி மரபில் வளர்ந்தோர், காஞ்சியிலிருந்து வந்தவரிடம் காஞ்சியைப் பற்றிக் கேட்பது இயல்பே. நூலில் படித்ததை அவர்கள் அறிவர். அவ்வூரில் வாழ்ந்தவர் கண்டதையே கேட்கின்றனர்.

கேட்போர் பேராசிரியர் மட்டுமல்லர். இலங்கைத் தமிழர் பலர் 1980கள் முதல் அகதிகளாக ஜெர்மனியில் குடியேறினர். ஹாம் நகரில் அவர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்குச் செய்த பெருங்கோயில், காமாட்சியம்மன் கோயிலே. காஞ்சியின் தெய்வம் அந்நாட்டில் அக்கம்பக்கத்தார் பேசும் செய்தியாகிவிட்ட பின்னர், ஒரு தமிழ் ஆயர் தம் அயலாருடைய சமயத்தைப் பற்றி ஒன்றும் அறியேன் என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்? அத்தேனே பட்டணத்தில் பவுல் அப்போஸ்தலர் பேசுமுன் சுற்றிப் பார்த்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

எனவே, புறப்படும் மாணவரை நாம் இப்பொழுது ஒரு நாள் திருப்பருத்திக்குன்றத்திற்கு அழைத்துச் செல்கின்றோம். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகர அமைச்சர் இருகப்பர் கட்டுவித்த சங்கீத மண்டபத்தில் நின்று, விதானத்தில் தீட்டப்பெற்றுள்ள தீர்த்தங்கரர் வரலாறுகளை அண்ணாந்து பார்க்கின்றோம். தமிழ்ச் சமணர் இன்றும் அங்கே வந்து வழிபடுகின்றனர் என்பதே நம் மாணவர் பலருக்குப் புதுச் செய்தி. பின்னர் நெசவாளர் வீடொன்றில் அமர்ந்து, உடலும் கரையும் வேறு நிறமாக இருக்கும் சேலையில் இரண்டும் பிரியாமல் கோர்வை போடுவதைப் பார்க்கின்றோம். தறியில் அமர்ந்தவருக்குத் துணையாக மற்றொருவர் வேண்டும் என்பதையும் கேட்டறிகின்றோம். தம் சபை, தம் தெரு, தம் அயலார் ஆகிய மூன்றைப் பற்றியும் பத்து நிமிடம் ஜெர்மன் மொழியில் பேசுவதற்கு ஒவ்வொருவரும் குறிப்பு எழுதிக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.

எங்களை அங்கே வழிநடத்துகின்றவர், அன்று விடை சொல்ல இயலாமல் அமர்ந்திருந்த அதே ஆயர். அவர் கையில் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்றில் அவ்வோவியங்களின் வரிசை. மற்றொன்றில் காப்பீடு முதல் குப்பைத் தொட்டி வரை, செய்ய வேண்டியவற்றின் பட்டியல். இரண்டையும் ஒவ்வொரு மாணவருக்கும் படி எடுத்துக் கொடுக்கின்றார். இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துச் செல்ல எவரையும் அவர் விடுவதில்லை.